பழுப்புக் கொழுப்புக்காரர்

மனிதர்களில் ‘உட்கார்ந்தே இளைப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊர் வெயிலிலும் வளரும், எந்த நாற்காலியிலும் பொருந்தும், எத்தனை டாக்டர்கள் திட்டினாலும் வாடாது. அடையாளம் காண்பதும் சுலபம். வாயைத் திறந்தால் முதல் வாசகம், “ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்க” என்பதாக இருக்கும். யார் கண்டுபிடித்தார்கள், எங்கே, யாருடைய உடம்பில் என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். “அதெல்லாம் பெரிய ஆராய்ச்சிங்க” என்று பதில் வரும். அதோடு, உங்களுக்கு அறிவியலில் நாட்டம் இல்லை என்று மனதுக்குள் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்வார்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்தால் தப்பு. சோம்பேறி தன் தொப்பையோடு சமாதானமாக வாழ்கிறவர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். நம்மவர் அப்படியில்லை. தொப்பையோடு நிரந்தரப் போரில் இருப்பவர். என்ன, போரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் நடத்துகிற தளபதி, அவ்வளவுதான்.

அந்தப் போரின் வரலாற்றைப் பார்த்தால் வெந்நீர்க் காலம் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு முறை மென்ற காலம் ஒன்று இருக்கும், அப்போது வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் இவர் மட்டும் தட்டின் எதிரே எண்ணிக்கொண்டிருந்திருப்பார். நீலத் தட்டில் சாப்பிட்டால் பசி குறையும் என்று வீட்டுத் தட்டையெல்லாம் மாற்றிய காலம் இருக்கும். பதினாலு மணி நேரப் பட்டினிக் காலமும் இருக்கும். அதில் எட்டு மணி நேரம் தூக்கம். மிச்சத்தில் பாதி, பட்டினியின் பெருமையைப் பற்றிய பேச்சு.

இத்தனையும் செய்தவரிடம், “கொஞ்சம் நடங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள்.

“நடக்கறது யாருக்குத்தான் தெரியாது?” என்பார். “அதுல என்ன இருக்கு?”

அந்த இனத்தின் உயிர்நாடி இந்தப் பதிலில்தான் துடிக்கிறது. நடப்பதில் ரகசியம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத எதுவும் அதில் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவனுக்கும் படித்தவனுக்கும் வித்தியாசமே இல்லாத ஒரு வைத்தியத்தை, அறிவுள்ள மனிதன் எப்படி ஏற்றுக்கொள்வான்?

இவர்களில் ஒருவரை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லாரிமேல் வைக்கிற, நாலு கால் நட்டு நிற்கிற ராட்சதக் கிரேன். அதன் உச்சியில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். காலடியிலும் கண்ணாடி. இரண்டு கைப்பிடிகளையும் லேசாகச் சாய்த்து, இருபது டன் பெட்டியை லாரியின் நாலு மூலைப் பூட்டிலும் ஓசையில்லாமல் இறக்கிவிடுவார். லாரிக்குள் டீ குடித்துக்கொண்டிருக்கிற டிரைவர், பெட்டி வந்து உட்கார்ந்தது தெரியாமல் இன்னொரு வாய் டீ குடிப்பார். அந்தக் கைக்காகவே கப்பல்காரர்கள் அவரைக் கேட்டு வாங்குவார்கள். துறைமுகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மேலண்ணன்’ என்றால் அவர்தான்.

பழைய கிரேன். லிஃப்ட் கிடையாது. நூற்று ஐம்பது படி, அதற்குமேல் நேர்க்குத்தாக ஓர் இரும்பு ஏணி. ஏணியில் ஏறும்போது இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கட்டிக் கொக்கி மாட்டிக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருஷம் அவர் அதைக் கட்டினார். பெல்ட்டின் உள்பக்கத்தில் ஒரு துணிச்சீட்டு தைத்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. புதிதாகப் பாதுகாப்பு அதிகாரியாக ஓர் அம்மாள் வந்தார். எழுத்து எங்கே இருந்தாலும் படித்துவிடுகிற கண். தீயணைப்பு உருளையின் அடிப்பாகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிப்பவர், துணிச்சீட்டை விடுவாரா? படித்தார். பெல்ட் தாங்கும் எடை அதிகபட்சம் நூறு கிலோ.

“சார், நீங்க எவ்வளவு வெயிட்?”

“நூறு இருக்கும் மேடம்.”

“இருக்குமா, இருக்கா?”

குடோனில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏற்றினார்கள். நூற்றியேழு. “நான் ஷூ போட்டிருக்கேன்” என்றார் மேலண்ணன்.

“ஷூ, ஹெல்மெட், வாக்கி-டாக்கி எல்லாம் சேர்த்துத்தான் சார் நூறு. கயித்துக்கு உங்க ஷூ தனியாத் தெரியாது.”

அறுபது நாள் அவகாசம். அறுபத்தோராவது நாளிலிருந்து நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர் எவரும் ஏணியைத் தொடக்கூடாது. தொட முடியாதவருக்கு வேலை, துறைமுக வாசல் கேட்டில். வருகிற லாரிகளின் பெட்டி எண்ணையும் பூட்டு முத்திரையையும் சரிபார்க்கிற வேலை. சம்பளத்தில் குறைவில்லை, மரியாதைக்கும் யாரும் குறை வைக்கப் போவதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் மேலண்ணன் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“கேட்ல நின்னா என்னங்க?” என்றார் மனைவி. பள்ளிக்கூட டீச்சர். “கால் வலி இல்லாம ஏறாம இறங்காம இருக்கலாம்.”

“கீழ நின்னா பெட்டிதான் தெரியும்” என்றார் அவர். “மேல இருந்தா கப்பல் வர்றது தெரியும்.”

மறுநாளே வீட்டில் எண்ணெய் பாதியானது, சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குப் போனது. உண்மையில் அந்த மனிதருக்கு வேண்டியது அவ்வளவுதான்: கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறுகிற நூற்று ஐம்பது படியை மூன்று தடவையாக்கியிருந்தால், அறுபது நாளில் நூறைத் தொட்டிருப்பார். ஆனால் நாலாம் நாள், பல் டாக்டரின் வாசலில் காத்திருந்தபோது, கைப்பேசியில் அவர் கண்ணில் ஒரு கட்டுரை பட்டது. குளிரில் வெள்ளைக் கொழுப்பு பழுப்பாகிறது என்று தலைப்பு.

மறுநாள் காலையில் கிரேனின் அடியில் நின்று சிக்னல்காரரிடம் விளக்கினார். சிக்னல்காரர் என்பவர் கீழேயிருந்து கைகாட்டுகிறவர்; மேலண்ணனைவிட ஆறு வயது சின்னவர், ஒல்லி, வாய் மட்டும் ஒல்லியில்லை.

“நம்ம உடம்புல ரெண்டு விதக் கொழுப்பு இருக்குடா.”

“உங்களுக்கு ரெண்டோட நின்னுருச்சாண்ணே?”

“கேளு. வெள்ளைக் கொழுப்பு இருக்கே, அது குடோன். வர்ற சரக்கை அடுக்கி அடுக்கி வெச்சுக்கிட்டே இருக்கும். பழுப்புக் கொழுப்பு பாய்லர். சரக்கை எடுத்து எரிச்சுச் சூடாக்கிரும். பச்சைக் குழந்தைங்களுக்கு நிறைய இருக்குமாம். நமக்குக் கழுத்தடியில, தோள்பக்கம் கொஞ்சூண்டு. இப்ப என்ன கண்டுபிடிச்சிருக்காங்கன்னா, உடம்பைக் குளிர்ல வெச்சா, குடோனே கொஞ்சம் கொஞ்சமா பாய்லரா மாறிருமாம்.”

“நம்ம குடோன்ல ஒரு பல்பு மாட்டவே ரெண்டு வருஷம் ஆச்சு. பாய்லர் எப்பண்ணே மாட்டுவாங்க?”

“நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. உட்கார்ந்திருந்தா போதும். அதுவே எரியும்.”

‘உட்கார்ந்திருந்தா போதும்’ என்று சொன்னபோது அந்த முகத்தில் வந்த ஒளியைச் சிக்னல்காரர் பிறகு பலருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த இனத்தவர் பொய் சொல்வதே கிடையாது; அதுதான் அவர்களோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டம். பழுப்புக் கொழுப்பின் அணுக்களுக்குள் நுண்ணிய அடுப்புகள் ஏராளம். அவற்றில் உள்ள இரும்பினால்தான் அந்தப் பழுப்பு நிறம். குளிர் தொடர்ந்து பட்டால் வெள்ளைக் கொழுப்பின் நடுவிலும் அப்படிப்பட்ட அடுப்புகள் முளைத்து, அது இளம்பழுப்பாகி, தானும் கொஞ்சம் எரிக்கத் தொடங்கும் என்பதும் மெய்யே. கட்டுரையின் முதல் மூன்று பத்தியில் இதெல்லாம் இருந்தது. நாலாவது பத்தியிலிருந்து எழுதியவர் நிதானித்திருந்தார்: இதில் பெரும்பகுதி எலிகளிடம் பார்த்தது, மனிதர்களிடம் அளவு கம்மி, ஆளுக்கு ஆள் மாறும், இதனால் மட்டும் யாரும் பெரிதாக இளைத்துவிடுவதாகத் தெரியவில்லை, உடற்பயிற்சியும் இதே மாற்றத்தைத் தூண்டக்கூடும். மேலண்ணன் மூன்றாவது பத்தியை முடித்தபோது பல் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். கூப்பிடாவிட்டாலும் நாலாவது பத்திக்குப் போயிருக்க மாட்டார். வேண்டியது கிடைத்த பிறகு கடையில் நிற்பவர்கள் உண்டா?

அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் ஏசி பதினாறுக்கு இறங்கியது. அந்த வீட்டில் ஏசி இருப்பது கூடத்தில் மட்டும்தான். மூன்று பேரும் மாலையில் உட்காருவதும் அங்கேதான். மனைவி விடைத்தாள் திருத்துவார், நர்ஸிங் படிக்கிற மகள் பாடம் படிப்பாள், மேலண்ணன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது மேலண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு, கைகளை விரித்துப்போட்டு, காற்று நேராக வயிற்றில் படும்படி நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். பார்ப்பதற்கு, பலகையில் வைத்த பெரிய மீன் மாதிரி இருந்தது.

“என்னங்க, இது வீடா ஐஸ் பெட்டியா?”

“கொஞ்சம் பொறு. உனக்கும் சேர்த்துத்தான் செய்றேன்.”

“எனக்கு எங்க இருக்கு கொழுப்பு? எல்லாத்தையும் நீங்கதான வெச்சிருக்கீங்க?”

“நடுங்காத. அதான் முக்கியம். நடுங்கினா தசை வேலை செஞ்சு சூடாக்கிரும். நடுங்காமக் குளிர்ந்தாத்தான் கொழுப்புக்கு வேலை வரும்.”

“நடுங்காமத் திருத்த முடியல. இந்தப் பையனுக்கு நாலு மார்க் போட வந்தேன், கை ஆடி ஏழாயிருச்சு.”

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கொழுப்பு ஒரு நல்ல கம்பளி. அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தவர் கூடத்தில் அவர் ஒருவர்தான். அவர் சுகமாகக் குளிர்ந்துகொண்டிருக்க, ஒல்லியான இரண்டு பெண்கள் தொப்பியும் காலுறையுமாகப் பற்களைக் கடித்துக்கொண்டு அவருக்குப் பதிலாக இளைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் மகளுக்கு வளையல் கழன்று விழுந்தது. கூடத்து அலமாரியில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் புட்டியோடு உறைந்துவிட்டது. மனைவி புட்டியை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

“ரெண்டு வாரமாக் குளிர்லதான் இருக்கு. வெள்ளையாவேதான் இருக்கு. இது எப்பங்க பழுப்பாகும்?”

“அது தேங்காய் எண்ணெய். உயிர் இல்ல.”

“அப்பா” என்றாள் மகள், போர்வைக்குள்ளிருந்து. “அந்தக் கட்டுரைய நான் படிச்சேன். எக்ஸர்சைஸ் பண்ணினாலும் மாறலாம்னு போட்டிருக்கு.”

“அது எலிக்கு.”

“குளிரையும் எலிக்குத்தான்பா நிறைய செஞ்சு பாத்திருக்காங்க.”

“குளிர் எலிக்கும் மனுஷனுக்கும் பொது” என்றார் மேலண்ணன். “எக்ஸர்சைஸ் எலிக்கு மட்டும். அதுக்கு வேற வேலை என்ன இருக்கு?”

மகள் புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். கொஞ்ச நேரத்தில் விடைத்தாள்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

வீட்டில் மாலை மட்டும்தான் கிடைத்தது. அறிவியலுக்கு அது போதாது. கிரேன் கூண்டிலும் ஏசி உண்டு, அதையும் பதினாறில் வைத்தார். அங்கே ஒரு தடங்கல் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கினால் ஒரு மணி நேரம் வெயிலில் இருக்க வேண்டும், திரும்பப் படியேறினால் வியர்க்கும், வியர்த்தால் காலையிலிருந்து சேர்த்த குளிர் வீணாகும். என்ன செய்தார் தெரியுமா? இறங்குவதை நிறுத்தினார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்த மனிதர், இளைப்பதற்காக, ஒரு தடவையாகக் குறைத்துக்கொண்டார்.

சாப்பாடு கயிற்றில் ஏறியது. மேலேயிருந்து ஒரு துணிப்பை இறங்கும், சிக்னல்காரர் அதில் டப்பாவை வைப்பார், பை மேலே போகும். முதல் வாரம் ஒரு டப்பா. குளிர் பசியைக் கிளப்பிவிடும் என்பது கட்டுரையில் இருந்ததோ இல்லையோ, அவர் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் வாரம் இரண்டு டப்பா. வீட்டில் பாதியான எண்ணெயைப் பார்த்துவிட்டு இரண்டாவது டப்பாவைத் துறைமுகக் கேன்டீனில் நிரப்பச் சொன்னார்; மூன்றாம் வாரம் மூன்றாவதும் சேர்ந்தது. விரல் விறைத்தால் கைப்பிடி சரியாகப் பிடிபடாது, பெட்டி ஓசையில்லாமல் இறங்காது. ஆகவே மணிக்கொரு தடவை சூடாக டீ. சர்க்கரை இல்லாத டீ சூட்டைத் தக்கவைக்காது என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி.

ஒருநாள் பை பாதி உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அதிகாரி அம்மாள் அந்தப் பக்கம் வந்தார். அண்ணாந்து பார்த்தார். வாக்கி-டாக்கியை எடுத்தார்.

“சார், அந்தரத்துல ஏதோ போகுதே, அது என்ன?”

பை அந்தரத்தில் அப்படியே நின்றது. “சாப்பாடு மேடம்.”

“கண்டெய்னரைத் தவிர இங்க வேற எதுவும் தொங்கக்கூடாது. இறங்கி வந்து சாப்பிடுங்க.”

“வெயிட் குறைக்கத்தான் மேடம் இறங்காம இருக்கேன்.”

அந்த அம்மாள் வாக்கி-டாக்கியைக் காதிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சிக்னல்காரரைப் பார்த்தார். சிக்னல்காரர், “கேக்காதீங்க மேடம், அண்ணன் எனக்கு விளக்கி முடிக்கவே ஒரு காலைப்பொழுது முழுக்க ஆச்சு” என்றார்.

மறுநாளிலிருந்து மேலண்ணன் காலையிலேயே மூன்று டப்பாவையும் ஃப்ளாஸ்க்கையும் தோள்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். மூன்றும் பக்கத்திலேயே இருந்ததால் மத்தியானம் வரை காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மேடைத் தராசு. இந்த இனத்தவர் தராசில் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தராசையே சந்தேகப்படுவார்கள்; காலால் தட்டுவார்கள், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள்; பிறகு மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறுவார்கள், மூச்சு என்னமோ மூன்று கிலோ இருப்பதுபோல. நூற்றியேழு என்றிருந்த முள் மூன்றாவது வாரம் நூற்றியேழரை, ஐந்தாவது வாரம் நூற்றியெட்டைத் தாண்டி நின்றது. வேறு யாராக இருந்தாலும் முகம் விழுந்திருக்கும்.

“கூடத்தான் செய்யும்” என்றார் மேலண்ணன். “குடோனை இடிச்சு பாய்லர் கட்டுறப்போ, கொஞ்ச நாளைக்கு ரெண்டும் சேர்ந்துதானே நிக்கும்?”

சிக்னல்காரர் யோசித்தார். “அண்ணே, இடிக்கிற சத்தமே கேக்கலையே.”

அறுபத்தோராவது நாள் காலையில் குடோனில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கேலி செய்ய வந்தவர்கள்தான். அதிகாரி அம்மாள் ஏடும் பேனாவுமாக நின்றார். மேலண்ணன் விதிப்படி ஷூவும் ஹெல்மெட்டுமாக ஏறினார். முள் ஆடியது, நின்றது. நூற்றியொன்பது, அதற்குமேல் நானூறு கிராம்.

யாரும் சிரிக்கவில்லை. மேலண்ணன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“மேல என் சாமான் கொஞ்சம் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன் மேடம்.”

“இல்ல சார்” என்றார் அந்த அம்மாள், மெதுவாக. “இன்னிலேர்ந்து நீங்க ஏறக்கூடாது.”

சிக்னல்காரர் ஏறினார். அரைமணியில் ஒரு குஷன், ஒரு ஃப்ளாஸ்க், காலடிக் கண்ணாடியைத் துடைக்கிற மஞ்சள் துணி எல்லாவற்றையும் ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேலண்ணன் பையை வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். சிக்னல்காரர் அன்று முழுக்க யாரையும் கிண்டல் செய்யவில்லை.

கேட்டில் குளிர் என்ற பேச்சே இல்லை. தகரக் கூரை, ஒரு விசிறி, அதுவும் கம்ப்யூட்டருக்கு. லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு லாரியின் முன்னாலும் போய் டிரைவரிடம் சீட்டு வாங்கி, பெட்டியின் பக்கவாட்டில் எண்ணைப் பார்த்து, பின்னாலே போய்க் கதவு முத்திரையை இழுத்துப் பார்த்து, திரும்ப வந்து பதிவு செய்து, அடுத்த லாரிக்குப் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மேலண்ணனின் கைப்பேசி, தானாகவே, அன்று அவர் பதினோரு கிலோமீட்டர் நடந்திருப்பதாகச் சொல்லிப் பாராட்டியது. அவர் அதைக் கைப்பேசியின் கோளாறு என்று நினைத்து அணைத்துப்போட்டார். வெயிலில் பசி செத்தது. ஒரு டப்பா போதுமானது. அதிலும் கொஞ்சம் மிஞ்சியது. வீட்டுக்கு வந்தால் ஏசியைப் போடக்கூட நினைவில்லாமல் தூங்கிப்போனார். கூடத்துக்குப் புத்தகங்களும் விடைத்தாள்களும் திரும்பி வந்தன, எண்ணெய் உருகியது, அந்த நாலு மார்க் பையனுக்கும் பழையபடி நாலு மார்க்தான்.

இரண்டாவது மாதம் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நாலாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிக்னல்காரர் கேட்டுக்கு வந்து, “அண்ணே, சும்மா வந்து ஏறிப் பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். “புது ஆள் பெட்டிய வெக்கறான் பாருங்க, லாரிக்காரன் டீ கிளாஸோட குதிக்கறான்.”

ஷூவோடு, ஹெல்மெட்டோடு, தொண்ணூற்றொன்பது கிலோ நூறு கிராம்.

அதிகாரி அம்மாள் குனிந்து முள்ளை இரண்டு தடவை படித்தார். ஏட்டில் எழுதினார். அந்த அம்மாள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள்.

“நல்லா நடந்திருக்கீங்க சார்.”

“நடையா?” மேலண்ணனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்த அம்மாளைப் பார்த்தார். “நடையில என்ன இருக்கு மேடம்? அறுபது நாள் குளிர்ல உட்கார்ந்து அஸ்திவாரம் போட்டேன்ல? பாய்லர் கட்டி முடிய டைம் எடுத்துக்கிச்சு. முடிஞ்சதும் தானா எரிய ஆரம்பிச்சிருச்சு. ஆராய்ச்சிக்காரங்க இந்த லேட்டைத்தான் சரியா எழுதல.”

எல்லா எழுத்தையும் படித்துவிடுகிற அந்த அம்மாளுக்கு, இந்த முகத்தில் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. “ஏறுங்க சார்” என்றார்.

ஏறினார். படி நூற்று ஐம்பதையும் மூச்சு வாங்காமல் ஏறினார், ஏணியில் கொக்கி மாட்டினார், கூண்டுக்குள் போய் மஞ்சள் துணியால் காலடிக் கண்ணாடியைத் துடைத்தார். தூரத்தில் ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. அன்று முதல் பெட்டி இறங்கியபோது கீழே லாரி டிரைவர் யாரோடோ கைப்பேசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டை நிற்கவில்லை.

இதோடு கதை சுபம் என்று நீங்கள் எழுந்துவிட்டால், இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தராசில் ஏற வேண்டும் என்பது விதி. நூறுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது தொள்ளாயிரம் கிராம். மனைவி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார்: “வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தியானம் அந்தக் கேட்டுப் பக்கம் போய் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுங்க. பழகின இடம்தானே.” அவரும் தலையாட்டினார். பத்து நாள் சுற்றினார்கூட. பதினோராவது நாள் கைப்பேசியில் இன்னொரு கட்டுரை வந்து சேர்ந்தது.

“ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்காங்கடா” என்றார் வாக்கி-டாக்கியில். “உடற்பயிற்சி செய்யறதா மனசுல நினைச்சாலே தசைக்குக் கொஞ்சம் பலம் வருதாம். நான் இப்ப கண்ணை மூடிக்கிட்டுப் படியிறங்கிட்டு இருக்கேன். எழுபது படி ஆச்சு.”

“அப்படியே முழுசா இறங்கி வந்து, இங்க உங்க சாப்பாட்டு டப்பா இருக்கு, நினைச்சுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போயிருங்கண்ணே” என்றார் சிக்னல்காரர்.

அடுத்த தராசுக்கு இன்னும் ஐந்து மாதம் சொச்சம் இருக்கிறது. சிக்னல்காரர் இப்போதெல்லாம் கைகாட்டி முடித்ததும், புதிய ஆளின் பக்கம் திரும்பி, பெட்டியை மெதுவாக வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

போகட்டும், அவரை விடுங்கள். உங்களைப் பற்றி ஒரு சந்தேகம். வெள்ளைக் கொழுப்பு, பழுப்புக் கொழுப்பு, இளம்பழுப்பு, உள்ளே எரிகிற குட்டி அடுப்புகள் என்று இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்திருக்கிறீர்கள். இத்தனையும் தெரிந்துகொண்டதில், உடம்புக்கு ஏதோ கொஞ்சம் நல்லது செய்துவிட்டதுபோல உள்ளே ஒரு திருப்தி, சின்னதாக, இதமாக எட்டிப் பார்க்கிறதா? நாளைக்கு யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா?

அதுதான் முதல் அறிகுறி. பயப்பட வேண்டாம், ஆரம்ப நிலைதான். படித்த களைப்பில் தாகமாக இருந்தால் மட்டும், உள்ளே பார்த்து யாரையும் கூப்பிடாமல், நீங்களே எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்துவிடுங்கள்.